நரைக்க வைத்த முகம்

சுவரில் தொங்கிய படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை கேட்டாள்.

"உங்கட மகனோ அக்கா?"

"புருசன்," என்றாள் சுதாஜினி.

வீடுவீடாகத் தரவு எடுக்க அரசாங்கம் அனுப்பியிருந்த பெண் அவள். பெயர் அனோஜா. மடியில் ஒரு டப் கணினி வைத்திருந்தாள். அந்த வருடத்தில் அது மூன்றாவது கணக்கெடுப்பு. சுதாஜினி கிளிநொச்சிப் பக்கம் ஒரு பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர். இப்படி எடுக்கிற தரவெல்லாம் கடைசியில் எந்த அறையில், எந்த அலுமாரிக்குப் பின்னால் போய்க் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும். என்றாலும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள்.

வாழ்க்கைத் துணையைப் பற்றிய பகுதி வந்தது. பெயர் அஜந்தன். பிறந்த திகதியைச் சொன்னதும் டப் தானாகவே கணக்குப் பார்த்து வயது நாற்பத்து மூன்று என்று காட்டியது. அடுத்த கேள்விக்கு இரண்டே இரண்டு விடைகள்தான் இருந்தன. உயிருடன் உள்ளார். இறந்துவிட்டார்.

அனோஜா விரலை இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு தயங்கினாள். "காணாமல் போனவர் எண்டு போட இதில இடமில்லை அக்கா. ஒண்டை அமத்தாட்டி அடுத்த பக்கத்துக்கு விடாது."

"பிறகென்ன, அதுக்கு எது விருப்பமோ அதை அமத்துங்கோ."

அனோஜா நல்ல மனதோடு 'உயிருடன் உள்ளார்' என்பதை அமத்தினாள். உடனே டப் அவருடைய மாத வருமானத்தையும் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி இருந்தார்கள். சுதாஜினிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

"நம்பர் தெரிஞ்சால் நான் எப்பவோ எடுத்திருப்பனே பிள்ளை."

அனோஜா போன பிறகும் 'மகனோ' என்ற கேள்வி வீட்டுக்குள்ளேயே நின்றது. சுதாஜினி படத்துக்கு முன்னால் போய் நின்று பார்த்தாள். அடுத்த மாதம் அவளுக்கு நாற்பத்தொரு வயது. அவனுக்கு இருபத்தேழு. கலியாணம் முடித்த வருடம் எடுத்த படம். முள்ளிவாய்க்காலில், எங்கோ ஒரு கிணறு இருக்கிறது என்று ஆரோ சொன்னதைக் கேட்டு, தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. அவள் நரைத்தாள், கண்ணாடி போட்டாள், முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசினாள். அவன் மட்டும் அதே மீசையோடு சிரித்துக்கொண்டு நின்றான். அவள் அவனுக்குத் தாய் மாதிரி ஆகிக்கொண்டு வந்ததை இத்தனை நாளும் அவள் கவனிக்கவே இல்லை.

அலுவலகத்தில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். காலையில் விரல் அடையாள இயந்திரத்துக்கு முன்னால் வரிசை நிற்கும்போது, "இது நாங்கள் வந்தமோ எண்டுதான் பாக்கும், வேலை செய்தமோ எண்டு பாக்காது, அதாலதான் எல்லாருக்கும் இதில இவ்வளவு விருப்பம்" என்பாள். எல்லாம் இணையத்தில் வந்துவிட்டது என்று சுற்றறிக்கை வந்தால், அந்தச் சுற்றறிக்கையையே மூன்று பிரதி எடுத்துக் கோவைப்படுத்தச் சொல்கிறார்கள் என்று சிரிப்பாள். அலுவலக வட்ஸ்அப் குழுவில் விடிய முதல் பூப்படத்தோடு காலை வணக்கம் போடுகிறவர்கள் பின்னேரம்வரை கதிரையில் இருப்பதில்லை என்பது அவளது கண்டுபிடிப்பு. காணாமல் போனவர்களைப் பற்றிக் கேட்க வந்த ஆணைக்குழுக்களுக்கு எல்லாம் அவள் ஒரே கதையை, ஒரே சொற்களில் சொல்லியிருக்கிறாள். கடைசியாக வந்தவர்கள் கேட்டபோது, "முன்னுக்கு வந்தவை எழுதினதை நீங்கள் துலைச்சுப் போட்டியள் எண்டால், அதையும் தேடுற பட்டியலில சேருங்கோ" என்றாள். சொன்னவள் சிரிக்கவில்லை. கேட்டவர்களும் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவள் ரூபனின் ஸ்ரூடியோவுக்குப் போனாள். கலியாண அல்பமும் கண்ணீர் அஞ்சலிப் பதாகையும் ஒரே கணினியில் செய்கிற கடை அது. செத்தவர்களைச் சிரிக்க வைத்து, கண் வெட்டிச் சிமிட்ட வைத்து வீடியோவாகவும் கொடுக்கிறான் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

"கண் வெட்ட வேண்டாம் ரூபன். வயசு மட்டும் போகட்டும்," என்றாள். "நாப்பத்து மூண்டு."

ரூபன் பழைய படத்தை ஸ்கான் பண்ணி உள்ளே விட்டான். கொஞ்ச நேரத்தில் நான்கு முகங்கள் வந்தன. அதில் ஒருவருக்கு வெள்ளைக்காரனின் தாடை. இன்னொருவர் மருந்து விளம்பரத்தில் வருகிற வைத்தியர் மாதிரி. மூன்றாவது முகத்தில் அவளுடைய கண் நின்றது. நெற்றி ஏறியிருந்தது. காதுக்கு மேலே நரை. கன்னத்தில் கொஞ்சம் சதை. கட்டம் போட்ட சேட்.

"இது எப்பிடித் தெரியும் அதுக்கு?"

"அதுக்கு ஒண்டும் தெரியாது அக்கா. லட்சக்கணக்கான ஆக்களின்ர முகங்களைப் பாத்துப் பழகியிருக்கு. எல்லாத்தையும் போட்டுப் பிசைஞ்சு, இப்பிடித்தான் இருப்பார் எண்டு ஒரு ஊகம் சொல்லுது."

"அப்ப இது பாதி ஊராற்ற புருசன்மார்," என்றாள் சுதாஜினி. "பரவாயில்லை, சட்டம் போட்டுத் தாரும்."

பழைய படத்தைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, அந்த ஆணியில் புதியதை மாட்டினாள்.

வீடு அன்றிலிருந்து வேறுமாதிரி ஆகியது. இருபத்தேழு வயதுப் பிள்ளைக்கு முன்னால் அவள் எதையும் யோசித்ததில்லை. தலையை விரித்துப்போட்டுக்கொண்டு திரிவாள், சட்டியோடு நின்று சாப்பிடுவாள். இப்போது ஒரு வளர்ந்த ஆம்பிளை கூடத்தில் இருந்தான். உடுப்பு மாற்றக் குசினிக்குள் போனாள். அலுவலகம் முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது அவன் எழும்பப் போகிறவன் மாதிரி இருக்கும். சோறு அளக்கும்போது கை இன்னொரு பிடி கூடுதலாகப் போட்டதை ஒருநாள் பார்த்துவிட்டு, அரிசியைத் திரும்பப் பேணிக்குள் கொட்டினாள்.

அவளுக்குப் பயம் அதில் இல்லை. அவன் நன்றாக இருந்ததுதான் பயமாக இருந்தது. பழைய படத்தில் இருந்தவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். இவன் எங்கேயோ ஒழுங்காகச் சாப்பிட்டு, ஆரோ சேட் தோய்த்துப் போட, மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி வளர்ந்தவன். "எங்க இருந்தனீர்?" என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். கேட்ட பிறகு, பதில் வந்துவிடுமோ என்று வெளியே போய்க் கிணற்றடியில் நின்றாள்.

அவளோடு வேலை செய்கிற கிருசாந்தி ஒருநாள் வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்தாள். போனில் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் அது முகநூலில் கிடந்தது. 'இவரைக் கண்டவர்கள் உடனே அறியத்தரவும்' என்று எழுதி, கீழே சுதாஜினியின் இலக்கத்தையும் போட்டிருந்தாள்.

"கேட்டிட்டுச் செய்திருக்கலாமே," என்றாள் சுதாஜினி.

"கேட்டால் நீங்கள் வேண்டாம் எண்டிருப்பியள் அக்கா."

அது உண்மைதான். அதற்குள் படம் எங்கெங்கேயோ போய்விட்டிருந்தது. சாத்திரம் பார்க்கிறவர் ஒருவர் போன் எடுத்தார். கனடாவில் இருந்து ஒருத்தி எடுத்து அழுதுவிட்டு வைத்தாள். பிறகு ஒரு பொடியன் எடுத்து, புளியங்குளச் சந்தியில் தண்ணீர் இறைக்கிற பம் திருத்துகிற கடையில் இந்த ஆளைத் தான் கண்ணால் கண்டதாகச் சொன்னான். சத்தியம் எல்லாம் செய்யவில்லை. கடைக்கு முன்னால் வேப்பமரம் நிற்கிறது என்று மட்டும் அடையாளம் சொன்னான். அதனால்தான் அவளுக்கு அதை நம்பாமல் இருக்க முடியவில்லை.

லீவு எடுத்தாள். 'காரணம்' என்ற இடத்தில் 'சொந்த அலுவல்' என்று போட்டாள். வேறு எந்தச் சொல்லுக்கும் அந்தக் கட்டம் போதாது.

புளியங்குளத்தில் பஸ் அவளை இறக்கிவிட்டபோது முற்பகல் வெயில். வேப்பமரம் நின்றது. அதற்குக் கீழே தகரக் கொட்டில், வரிசையாகப் பம்கள், எண்ணெய் ஊறிய மண். ஒருவர் முதுகைக் காட்டியபடி குந்தியிருந்து ஆணி கழற்றிக்கொண்டிருந்தார். ஆள் வந்த சத்தத்துக்குத் திரும்பினார்.

கூடத்துச் சுவரில் இருந்தவர்தான். அதே நெற்றி, காதுக்கு மேலே அதே நரை. சேட் மட்டும் வேறு.

அவள் கையை நீட்டி மரத்தைப் பிடித்தாள்.

"இருங்கோ, இருங்கோ. ஸஹீலா, கதிரை ஒண்டு எடும்," என்றார் அவர்.

குரல் தடித்த குரல். அஜந்தனுக்கு மெல்லிய குரல், சிரிப்புக்குள் உடைகிற குரல். முதல் சொல்லிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் மரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"நீங்களும் அந்தப் படத்தைப் பாத்திட்டோ வந்தனீங்கள்?" என்று கேட்டார்.

"அந்தப் படமே என்ரதுதான்," என்றாள்.

அவர் பெயர் ஜவாஹிர். சின்ன வயதில் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து புத்தளத்தில் முகாமில் வளர்ந்தவர். சண்டை முடிந்த பிறகு தகப்பனின் காணிக்குத் திரும்பி வந்து இந்தக் கடையைப் போட்டார். மனைவி ஸஹீலா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் கணவனுக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

"தெரியாத ஆக்களெல்லாம் கடைக்கு வந்து, பெண்சாதியை விட்டிட்டு எங்க இருந்தனீங்கள் எண்டு இவர ஏசிட்டுப் போகினம்," என்றாள் ஸஹீலா. "நான் பக்கத்தில நிக்கேக்கையே."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஒரு மெசின் செய்த வேலை. அதுக்குப் புத்தி சொல்ல நானும் இருக்கேல்லை."

"இவர் உங்கட ஆள் இல்லை எண்டு நல்லாத் தெரியுமோ?"

"தெரியும்."

ஸஹீலா ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு அப்படி விட்டதற்காக வெட்கப்பட்டவள் போலப் பிஸ்கட் எடுத்துவர உள்ளே போனாள்.

ஜவாஹிர் கையைத் துணியில் துடைத்தபடி தயங்கித் தயங்கி ஒரு விசயம் சொன்னார்.

"படம் வாறதுக்கு முந்தியே ஒருத்தர் வந்தவர். பம் ஒண்டு திருத்தக் கொண்டு வந்தவர். நான் நிமிந்து பாத்தன். அந்தாளின்ர முகம் அப்பிடியே வெளிறிப்போச்சு. பின்னால பின்னால போறார். என்னண்ணை எண்டு கேட்டன். 'உங்களை நான்தானே தாட்டனான்' எண்டார்."

சுதாஜினி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கையாலதான் மண் போட்டனான், ஒரு மயிர்கூட மாறாமல் எப்பிடி இருக்கிறியள் எண்டு கேட்டார். நான் சிரிச்சுச் சமாளிக்கப் பாத்தன். ஓடியே போயிட்டார். பம்மும் இஞ்சைதான் கிடக்குது. திருத்தி வச்சிருக்கிறன். கொண்டுபோய்க் குடுக்கத்தான் பயம். என்னைப் பாத்து அந்தாள் செத்துகித்துப் போனால்?"

பம்மின் பக்கத்தில் வெள்ளைப் பெயின்ரால் எழுதியிருந்தது: பிரதாபன், ஸ்கந்தபுரம்.

அவள் அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எத்தனையோ கந்தோர்களில், எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் இருந்து கேட்டுக் கேட்டும் கிடைக்காத ஒன்று, எண்ணெய்ச் சேற்றுக்குள் ஒரு பம்மில் எழுதிக் கிடப்பதுபோல அவளுக்கு இருந்தது. கிணறு தேடிப் போனவனை ஆரோ தாட்டிருக்கிறார்கள். இந்த முகத்தைத் தாட்டிருக்கிறார்கள்.

"என்னைக் கூட்டிக்கொண்டு போவியளோ?" என்று கேட்டாள்.

"நானும் வாறன்," என்றாள் வாசலில் நின்ற ஸஹீலா.

சின்ன லொறியின் முன் சீற்றில் மூன்று பேரும் நெருங்கியிருந்து போனார்கள். முறிகண்டியில் எல்லா வாகனங்களும் நிற்பதுபோல ஜவாஹிரும் நிற்பாட்டினார். சுதாஜினி இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டாள். என்ன கேட்பதென்று தெரியவில்லை. அவனாக இருக்கட்டும் என்று கேட்பதா, இருக்கக்கூடாது என்று கேட்பதா? ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தாள். ஸஹீலா கச்சான் கடலை வாங்கி வைத்திருந்தாள். ஆரும் சாப்பிடவில்லை.

ஸ்கந்தபுரத்தில் பிரதாபனின் வீடு வயலோரமாக இருந்தது. வரம்பு கட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு வந்தார். லொறிக்குள் இருந்த ஜவாஹிரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

சுதாஜினி முன்னால் போனாள். "பயப்பிடாதேங்கோ. அவர் உயிருள்ள மனுசன். பெயர் ஜவாஹிர். உங்கட பம்மைக் கொண்டு வந்திருக்கிறார்."

ஜவாஹிர் இறங்கி, வெயிலில் நின்று, தன் நிழல் விழுகிறதைக் காட்டுகிறவர் மாதிரிக் காலை நகர்த்தினார். பிறகு பிரதாபன் மண்வெட்டியைச் சாத்திவிட்டு, எல்லாரையும் மாமரத்துக்குக் கீழே இருக்கச் சொன்னார்.

"பக்கத்துப் பங்கர்க்காரர்," என்றார். "பெயர் கேக்கேல்லை. அந்த நாளில ஆரும் ஆரிட்டயும் பெயர் கேக்கிறேல்லை தங்கச்சி. கேட்டு வச்சு என்ன செய்யிறது? செல் குண்டு விழுந்தது. நான் போய்ப் பாக்கேக்க மூச்சு இருந்தது. பிறகு இல்லை. என்ர சாறத்தால மூடி, அதிலயே கிண்டித் தாட்டனான்."

சுதாஜினி கைப்பையைத் திறந்தாள். வரும்போது அலுமாரியைத் திறந்து, துணியை அவிழ்த்து, பழைய படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி எடுத்து வந்திருந்தாள். அதை நீட்டினாள். அவள் விரல்கள் அந்தப் படத்தைத் தானாக விடவில்லை. பிரதாபன் மெல்ல இழுத்துத்தான் வாங்கினார்.

தூரப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

"இவரில்லை."

"வடிவாப் பாருங்கோ."

"இது சின்னப் பொடியன் தங்கச்சி. நான் தாட்டவர் அப்பவே நாப்பது தாண்டினவர். இவர் இப்ப எப்பிடி இருக்கிறாரோ," என்று ஜவாஹிரைக் காட்டினார், "அச்சு அசல் இப்பிடித்தான். அதுதான் எனக்குக் குலை நடுங்கினது. இத்தனை வருசத்தில நான் கிழவனாகிட்டன், அவர் அப்பிடியே இருக்கிறார் எண்டு."

அவள் போனில் இருந்த நரைத்த படத்தைக் காட்டினாள். பிரதாபன் அதைக் கண்டதும் முகத்தைப் பொத்திக்கொண்டார். "இது அவர். சேட்தான் இப்பிடி இல்லை."

சுதாஜினிக்கு முதலில் வந்தது நிம்மதி. அஜந்தன் இல்லை. அவன் மேல் ஆரும் மண் போடவில்லை. அடுத்த மூச்சில் அந்த நிம்மதியே அவளைக் குத்தியது. வாசல்வரை வந்த பதில் வேறொருத்தியின் பதில். அவள் திரும்பவும் பழைய இடத்திலேயே, பழைய கதிரையிலேயே இருந்தாள். இத்தனை நாளும் உடுப்பு மாற்றக்கூட வெட்கப்பட்டு ஒளித்தது, பெயர் தெரியாமல் மண்ணுக்குள் கிடக்கிற ஒரு மனிதனுக்கு முன்னால்.

ஸஹீலாதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அப்ப, அவரை ஆர் தேடிக்கொண்டிருக்கினம்?"

பிரதாபன் யோசித்தார். "பளைப் பக்கம். ஸ்ரேசனுக்குப் பின்னால தென்னங்காணி எண்டு சொல்லுவார். தேங்காய் எல்லாம் கேட்பாரற்று விழுந்து முளைச்சுப் போகும் எண்டு கவலைப்பட்டவர். வேறொண்டும் தெரியாது."

"கச்சேரியிலயோ எங்கயோ அறிவிக்கவேணுமே," என்றார் ஜவாஹிர். "அரசாங்கத்துக்குத் தெரியப்படுத்தாமல் நாங்களா..."

"நானும் அரசாங்கம்தான்," என்றாள் சுதாஜினி. "அதாலதான் சொல்லுறன், முதல் அந்த வீட்டுக்குப் போவம்."

படத்தை இன்னொருமுறை முகநூலில் போட்டால் உடனே ஆள் பிடிக்கலாம் என்று பிரதாபன் சொன்னார். ஸஹீலா மறுத்துவிட்டாள். "என்ர மனுசன்ர முகத்தை மௌத்தானவர், செத்தவர் எண்டு போட்டு ஊரெல்லாம் பாக்கிறதுக்கு நான் விடமாட்டன்." அவள் சொன்னதில் ஞாயம் இருந்தது. சுதாஜினி கிருசாந்தியைப் போனில் அழைத்து, முகநூலில் போட்டதை உடனே எடுக்கச் சொன்னாள். அது போய்ச் சேர்ந்த மற்ற இடங்களிலிருந்து ஆராலும் எடுக்க முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பளைக்குப் போனார்கள். பிரதாபன் லொறியின் பின்னால் ஏறிக்கொண்டார். ஜவாஹிர் கொரோனாக் காலத்து முகமூடி ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டிருந்தார். அதைப் போடச் சொன்னது சுதாஜினிதான். வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு தான் நின்ற அந்த நிமிசம் இன்னொருத்திக்கு வரக்கூடாது என்று நினைத்தாள்.

ஸ்ரேசனுக்குப் பின்னால் இருந்த கடையில் விசாரித்தார்கள். தென்னங்காணி வைத்திருந்து, முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவர், அப்போது நாற்பதைத் தாண்டியவர் என்றதும், கடைக்காரர் அதிகம் யோசிக்கவில்லை. "தவராசா அண்ணையைக் கேக்கிறியளோ? அந்தத் தகரப் படலை. அவற்ற மனுசி மட்டும்தான் இருக்கிறா."

படலையைத் திறந்தவர் பெயர் நேசமலர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. முற்றம் கூட்டிய தடம் அழியாமல் கிடந்தது. தென்னைகள் வரிசையாக நின்றன. ஒரு தேங்காயும் நிலத்தில் கிடக்கவில்லை. சுதாஜினியையும் பிரதாபனையும் கூடத்தில் இருத்தினார். ஜவாஹிரும் ஸஹீலாவும் லொறிக்குள்ளேயே இருந்தார்கள்.

எப்படித் தொடங்குவது என்று சுதாஜினிக்குத் தெரியவில்லை. வழக்கமாக அவளுக்கு வருகிற வாய் அன்று வரவில்லை. "அக்கா, நானும் ஆளைத் தேடுறவள்தான்," என்றாள். "என்ர ஆளைத் தேடிப் போகேக்க, இவரைச் சந்திச்சனான்."

பிரதாபன் சொன்னார். மெதுவாக, தலையைக் குனிந்தபடி, பங்கரில் இருந்து தொடங்கினார். நேசமலர் இடையில் மறிக்கவில்லை. பிரதாபன் முடித்த பிறகுதான் கேட்டார்.

"உங்களோட கதைக்கேக்க என்னெண்டு கதைப்பார்?"

"என்ன சொன்னாலும், 'அது பாப்பம்' எண்டு முடிப்பார். செல் விழுகுது உள்ள போங்கோ எண்டாலும், அது பாப்பம்."

நேசமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே இருந்தார். அழவில்லை.

"தண்ணி ஏதும் கேட்டவரோ?"

"கேட்டவர்."

"குடுத்தனீங்களோ?"

"ஓம் அக்கா. குடிச்சவர்."

நேசமலர் எழும்பிப்போய் உள்ளே இருந்து ஒரு படம் எடுத்துவந்தார். தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றார். சுதாஜினி பார்த்தாள். மூக்கு கொஞ்சம் வேறு. நெற்றியும், நரையும், கன்னத்துச் சதையும், ஏதோ சொல்லப்போய் நிற்கிற வாயும் அவள் வீட்டுக் கூடத்தில் இருந்தவைதான். பிரதாபன் படத்தைப் பார்த்து, ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு சுதாஜினி மற்றதையும் சொன்னாள். மகனோ என்று கேட்டதை, ரூபனின் கணினியை, புளியங்குளத்தை, லொறிக்குள் முகமூடியோடு இருக்கிறவரை. நேசமலர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவையை ஏன் வெயிலுக்குள்ள இருத்தி வச்சிருக்கிறியள்?" என்றார்.

ஜவாஹிர் இறங்கி வந்தார். முற்றத்தில் நின்று முகமூடியைக் கழற்றினார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். ஸஹீலா அவருடைய சேட்டின் பின்பக்கத்தை விரலால் பிடித்திருந்தாள்.

நேசமலர் அவரைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இரண்டு அடி முன்னால் வந்தார். பிறகு நின்றார்.

"மத்தியானம் ஆச்சு. சாப்பிட்டிட்டுத்தான் போகவேணும்," என்றார்.

"இல்லை அக்கா, உங்களுக்குக் கரைச்சல்..."

"மீன் குழம்பு இருக்கு. சோறு இன்னும் கொஞ்சம் போட்டால் சரி. நீங்கள் சாப்பிடுவியள்தானே தங்கச்சி?" என்று அவர் ஸஹீலாவைத்தான் கேட்டார். ஸஹீலா சேட்டில் இருந்து கையை எடுத்துவிட்டு, ஓம் என்றாள்.

சுதாஜினி குசினிக்குள் உதவிக்குப் போனாள். நேசமலர் அரிசியைக் கழுவினார். கத்தரிக்காயை வெட்டினார். கையில் பதற்றம் இல்லை. வெட்டிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்.

"உங்களுக்கு என்னில பொறாமையா இருக்கோ?"

சுதாஜினிக்கு ஒரு பகிடி சொல்லித் தப்பிவிடலாம் போல இருந்தது. அப்படித்தான் அவள் எல்லாக் கேள்வியையும் கடந்து வந்திருக்கிறாள்.

"ஓம்," என்றாள்.

"எனக்கும் உங்களில பொறாமையாத்தான் கிடக்கு," என்றார் நேசமலர். "காலமை எழும்பேக்க நானும் உங்களை மாதிரித்தான் இருந்தனான். இண்டைக்கு வரலாம் எண்டு." கத்தியை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைக்கப் போனவர், பொட்டுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோய், தொடாமல் கீழே விட்டார். "அதை இனி நாளைக்குப் பாப்பம்."

கூடத்தில் பாய் போட்டு மூவருக்கும் பரிமாறினார்கள். பிரதாபன் தட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஜவாஹிர் பசித்தவர். முதலில் கூச்சப்பட்டு, பிறகு குழம்பை நன்றாகக் குழைத்துச் சாப்பிட்டார். நேசமலர் குசினி வாசலில் நின்று அதைப் பார்த்தார். ஸஹீலா அதைக் கண்டாள். கண்டும் காணாதவள் போலத் தன் தட்டில் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

ஜவாஹிரின் தட்டில் சோறு முடிந்தது. நேசமலர் சட்டியையும் அகப்பையையும் சுதாஜினியின் கையில் கொடுத்தார்.

"அவருக்கு இன்னும் கொஞ்சம் போடுங்கோ," என்றார் மெல்ல. "நான் போனால் கை நடுங்கும்."

சுதாஜினி போய் ஜவாஹிருக்குப் பக்கத்தில் குனிந்தாள். போதும் போதும் என்று அவர் தட்டுக்கு மேலே கையை விரித்தார். அவள் அந்தக் கையை விலக்கச் சொல்லி, ஒரு அகப்பை சோற்றைப் போட்டாள்.